நீலப் பெட்ரோல்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். அடித்த பிறகு அணைக்கிறேன். பல் துலக்கி, குளித்து, சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். காலரும் முன்பக்கமும் மட்டும். மீதியை வேலைக் கோட்டு மறைத்துவிடும். காபி போட்டு நின்றபடியே குடிக்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பைக்கை எடுக்கிறேன்.

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை. வேதியியல் படித்ததால் எரிபொருள் என் பொறுப்பு. இங்கே இருப்பவை சிறிய பயிற்சி விமானங்கள். காருக்கு இருப்பது போன்ற பிஸ்டன் எஞ்சின்தான் அவற்றுக்கும். குடிப்பதும் பெட்ரோல்தான், விமானப் பெட்ரோல். தரைக்கடித் தொட்டியின் அடியிலிருந்து தினமும் கொஞ்சம் கண்ணாடி ஜாடியில் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். வெளிர்நீலமாக இருக்க வேண்டும். அது அடையாளத்துக்காகச் சேர்த்த சாயம். ஜாடியைச் சுழற்றினால் அடியில் தண்ணீர் முத்து உருளக் கூடாது. பிறகு அடர்த்திமானியை மிதக்கவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும், கூடவே வெப்பமானி. சூடானால் பெட்ரோல் விரியும், லேசாகும். அதனால் வெப்பநிலை தெரியாமல் அடர்த்திக்கு அர்த்தமில்லை.

“ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரிப்பா. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு செல்லாது” என்பார் கேப்டன். பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை.

நான் கையெழுத்துப் போட்டால் விமானங்கள் பறக்கலாம். அன்று போட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்தாள். என் மனைவியின் தங்கை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கிக்கொண்டு பேசினாள்.

“அத்தான், உங்க தொட்டியிலேர்ந்து ரெண்டு கேன் வேணும்.”

“எதுக்கு?”

“தவளைக்கு.”

தவளை என்பது கார். பச்சை நிறம், சின்னது, பழையது. மலைப்பாதைப் பந்தயத்துக்கு மட்டுமே போகும். போக்குவரத்தை நிறுத்திவிட்ட மலைச் சாலையில் ஒவ்வொரு காராக மேலே விரட்டுவார்கள். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவருக்குப் பரிசு. சின்னவள் ஓட்டுவாள். எஞ்சினைக் கட்டியது என் மனைவி. மாமனாரின் லேத் பட்டறையில், தன் கையால், ஒவ்வொரு நட்டாக. அதிகச் சக்திக்காக அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தாள். பங்க் பெட்ரோலை ஊற்றினால் அந்த எஞ்சின் தாங்காது. உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். பந்தயப் பெட்ரோல்தான் வேண்டும்.

“பந்தயப் பெட்ரோல் கொண்டு வர்ற ஆள் இந்தத் தடவை லாரியே அனுப்பலியாம்” என்றாள். “போன பந்தயத்துல மிஞ்சினது ஒரு கேன் அடியில கிடக்கு. அத வச்சு மலை ஏற முடியாது, பட்டறை கேட்டத் தாண்டலாம். இந்த ஞாயித்துக்கிழமை பந்தயம் அத்தான்.”

“இது கார்ல ஊத்தறதுக்கு இல்ல.”

“ஊத்தறாங்க. போன வருஷம் ஜெயிச்சவனே இததான் ஊத்தினானாம்.”

“அவனுக்கு எஞ்சின் போனா இன்னொண்ணு வாங்குவான்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “நமக்கு இன்னொண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியாதா?”

என் மனைவி இறந்து ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. சாதாரண அறுவை சிகிச்சை என்றார்கள். சாதாரணமாகத்தான் முடிந்தது. பிறகு கிருமித்தொற்று. அவள் துணிகளை மாமியார் எடுத்துப்போய் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எஞ்சினை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குமுன் அவள் கடைசியாகச் சரிசெய்து மூடியது அது. அவள் வைத்த அளவுகள் அப்படியே இருக்க வேண்டும். என்னிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகக் கேப்டன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “ரோட்டுல ஓடாத வண்டிதானே? கேன்ல குடுக்க விதியில இடம் இருக்கு. கைய நல்லா கழுவச் சொல்லு, இதுல ஈயம் கலந்திருக்கு. வாயால உறிஞ்சி எடுக்கற வீரத்தனம் எல்லாம் வேண்டாம்.”

“கேட்டீங்களா, பெரிய மனுஷர் சொல்லிட்டாரு” என்றாள் சின்னவள்.

மதியம் இரண்டு கேன்களில் நீலப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

தகரக் கூரை. உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. மாமனார் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். ஜன்னலோரம் அவளுடைய மேஜை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், டார்ச், கார்புரேட்டர் துலக்கும் பிரஷ். பிரஷ்ஷின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் இடது கைக்காரி.

“வாங்க மாப்ள. ஆகாயத்துலேர்ந்து அமுதம் வருதுன்னாளே” என்றார் மாமனார். “என் காருக்கும் ஒரு லிட்டர் விட்டா பறக்குமா?”

“பறக்காது மாமா. சைலன்சருக்கு முன்னாடி புகைய வடிகட்டற ஒண்ணு இருக்கே, அது ஈயம் பட்டா செத்துடும். அப்பறம் நிக்கற இடத்திலயே நிப்பீங்க.”

“இப்பவும் பாதி நாள் அப்படித்தான் நிக்கறேன்.”

பந்தயப் பெட்ரோல் மிச்சமிருந்த கேனைச் சின்னவள் முற்றத்திலிருந்து எடுத்துவந்தாள். இரண்டையும் ஒப்பிட வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். அதில் பெட்ரோல் ஒரு பித்தளைத் துளை வழியாகத்தான் வரும். ஜெட் என்பார்கள். பெட்ரோல் லேசாக இருந்து துளை அதே அளவாக இருந்தால், எஞ்சினுக்குப் போய்ச் சேரும் பெட்ரோலின் எடை குறையும். காற்று நிறைய, பெட்ரோல் கொஞ்சம். கொஞ்ச நேரம் எஞ்சின் அதிலும் நன்றாகத்தான் ஓடும். பிறகு உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

அவள் மேஜைமேல் ஜாடியை வைத்தேன். அடர்த்திமானியை மிதக்கவிட்டேன். முதலில் பழையது, பிறகு நீலம். நீலம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

“பெரிய வித்தியாசம் இல்ல” என்றேன். “ஜெட் மாத்த வேண்டாம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அளந்து பார்த்ததில் நிம்மதி வந்தால் மறுபடி அளக்க வேண்டும். பாடத்தில் படித்ததுதான்.

பள்ளியில் பழைய ஓடுபாதை ஒன்று உண்டு. விரிசல்களில் புல். யாரும் பயன்படுத்துவதில்லை. மறுநாள் பகல், விமானங்கள் இறங்கிய பிறகு, அங்கே ஓட்டிப் பார்க்கக் கேப்டன் அனுமதித்தார். தவளையை டிரெய்லரில் கொண்டுவந்தார்கள்.

ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. விமானப் பெட்ரோலில் சட்டென்று ஆவியாகும் பகுதி குறைவு. குளிர்ந்த எஞ்சினை எழுப்பச் சிரமப்படும்.

“சோம்பேறிப் பெட்ரோலா இருக்கே மாப்ள. உங்க ஏரோப்பிளேன் எல்லாம் எப்படி நேரத்துக்குக் கிளம்புது?” என்றார் மாமனார்.

நான்காவது முயற்சியில் பிடித்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

சின்னவள் போனாள், வந்தாள். மறுபடி போனாள். முகம் மலர்ந்திருந்தது. “பிச்சிக்கிட்டுப் போகுது அத்தான். இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?”

மூன்றாவது முறை பாதி ஓடுபாதையில் வேகத்தைக் குறைத்துவிட்டாள். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தாள்.

“முழுசா அழுத்தினா உள்ள சரளைக்கல்ல உருட்டற மாதிரி கேக்குது.”

மாமனார் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். உள்ளே எரிவது சரியா என்று பிளக்கின் முனையைப் பார்த்துச் சொல்லலாம். இளம் பழுப்பாக இருக்க வேண்டும். இது வெளுத்திருந்தது. மேலே மிளகுப்பொடி தூவியது போலச் சின்னக் கரும்புள்ளிகள்.

“ஈயம் இருக்கற பெட்ரோல் கொஞ்சம் வெளுப்பாத்தான் காட்டும்” என்றார். “பழைய நாள்ல அப்படித்தான்.”

“இந்தப் புள்ளி?” என்றாள் சின்னவள்.

“அது பிஸ்டன்லேர்ந்து தெறிச்சது” என்று டார்ச்சை எடுத்தார். பிளக் துளை வழியாக டார்ச் அடித்து நான்கு பிஸ்டன்களையும் பார்த்தோம். ஓட்டை இல்லை. இன்னும் நான்கைந்து முறை ஓட்டியிருந்தால் இருந்திருக்கும். என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. அளந்திருக்கிறேன். எண்கள் என் கண்ணால் பார்த்தவை.

மறுநாள் காலை ஜாடியில் நீலத்தைப் பிடித்தேன். அடர்த்திமானியை மிதக்கவிட்டேன். வெப்பமானியை உள்ளே இறக்கினேன். அது ஜாடியின் விளிம்பில் ‘டிங்’ என்று தட்டியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பட்டறையில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. வெப்பமானி கோட்டுப் பையிலேயே இருந்தது.

பழைய பெட்ரோல் கேன் முற்றத்தில் வெயிலில் கிடந்தது. கொதித்துப்போய் விரிந்திருந்தது, அதனால் லேசாகக் காட்டியது. என்னுடையது தரைக்கடியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. சில்லென்று இருந்தது, அதனால் கனமாகக் காட்டியது. இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒரே சூட்டில் அளந்திருந்தால் நன்றாகவே விலகி நின்றிருக்கும். தினமும் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வேன்.

கேப்டனிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். சின்னவள் தவளையின் பானெட்டில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“தப்பா அளந்துட்டேன்” என்றேன். என்ன நடந்தது என்று சொன்னேன்.

“நீங்களா?” என்றாள். கோபம் இல்லை. நிஜமான ஆச்சரியம். “வீட்டுல குக்கர் வைக்கறதுக்கே தண்ணிய அளக்கற ஆளாச்சே நீங்க.”

“ஜெட் மாத்த வேண்டாம்னு வரணும். அதுக்காகவே அளந்திருக்கேன்.”

அவள் ரொட்டியை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள். “அத்தான், ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“அக்கா ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஜெட் மாத்துவா. காலையில ஒண்ணு போடுவா, வெயில் ஏறினா வேற போடுவா. ஒரு தடவ நான் கார்ல உக்காந்து பெல்ட்டு கூடப் போட்டாச்சு. ‘இறங்குடி, மனசு கேக்கல’ன்னு மறுபடி திறந்தா. அவ கையில ஒரு ஜெட்டும் ஒரு வாரம் தங்கினதில்ல. நீங்கதான் மியூசியம் மாதிரி கயிறு கட்டி வச்சிருக்கீங்க.”

லேத் நின்றது. மாமனார் இந்தப் பக்கம் திரும்பவில்லை. துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

“மாத்தணும்னா நீங்களே மாத்துங்க மாப்ள” என்றார் முதுகைக் காட்டியபடி. “எனக்கு லேத் வேல கிடக்கு. இவ மாத்தினா ஒண்ண கீழ போட்டுட்டு நாள் பூரா தேடுவா.”

“ஒரே ஒரு தடவ போட்டேன். அத இன்னும் எத்தன வருஷம் சொல்வீங்கப்பா?”

இந்த முறை இரண்டு பெட்ரோலையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்தோம். இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தோம். பிறகு அளந்தேன், வெப்பமானியோடு. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த பெரிய துளை வேண்டும்.

ஜெட்டுகள் அவள் மேஜை இழுப்பறையில் இருந்தன. மாத்திரை போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வோர் அறையிலும் ஓர் அளவு. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு வேண்டும். தேவையான அளவில் நான்கு இருந்தன.

கார்புரேட்டரின் மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூடிரைவரை ஜெட்டின் பிளவில் வைத்தேன். இறுக்கமாக இருந்தது. அது அவள் கை முறுக்கிய இறுக்கம். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினேன். ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. அதன்பிறகு விரலாலேயே கழன்று வந்துவிட்டது. மற்ற மூன்றும் அப்படித்தான்.

“அழறீங்களா?” என்றாள் சின்னவள்.

“இல்ல. பெட்ரோல் பட்டுடுச்சு.”

“கண்ணுல பெட்ரோல் பட்டா இப்படி நிக்க மாட்டீங்க. குதிப்பீங்க.”

புதிய ஜெட்டுகளை முறுக்கினேன். எவ்வளவு இறுக்குவது என்று தெரியவில்லை. “போதும், பித்தளை, நெளிஞ்சிடும்” என்றார் மாமனார். எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. கழற்றிய நான்கையும் பெட்டியில் அவற்றுக்குரிய அறையில் போட்டு மூடினேன். அங்கே ஏற்கெனவே அதே அளவு இரண்டு கிடந்தன. கலந்துவிட்டன. எது அவள் போட்டிருந்தது என்று இனி எனக்கே தெரியாது. எடுத்துத் தேடவில்லை.

அன்று மாலை ஓடுபாதையில் சரளைக்கல் சத்தம் கேட்கவில்லை. சின்னவள் ஏழெட்டு முறை போய்வந்தாள். கேப்டனும் பார்க்க வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பனி விலகவில்லை. நீலப் பெட்ரோல் குளிரில் அடம் பிடிக்கும் என்பதால் தவளையின் எஞ்சினைச் சீக்கிரமே எழுப்பிவிட்டோம். சூடாகவே வைத்திருந்தோம். மாமனார் பழைய கம்பளி ஒன்றை பானெட்டின்மேல் போர்த்தினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். “காய்ச்சல் தம்பி, காத்து படக் கூடாது” என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவளின் முறை வந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னலருகே குனிந்தேன்.

“ஏதாவது சத்தம் கேட்டா காலை எடுத்துடு. பந்தயம் அடுத்த வருஷமும் வரும்.”

“கேக்காது.”

“எப்படித் தெரியும்?”

“நீங்கதானே அளந்தீங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

கொடி இறங்கியது. தவளை போய்விட்டது. முதல் வளைவுவரை தெரிந்தது. அதற்குப்பின் சத்தம் மட்டும். மலை வளைந்து வளைந்து ஏறுவதால் சத்தம் ஒரு முறை இடதுபக்கம் கேட்டது, பிறகு வலதுபக்கம். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு கணம் நின்று மறுபடி எழுந்தது. எழாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். எழுந்தது. மாமனார் என் தோள்பட்டையைப் பிடித்திருந்தார். வலித்தது. சத்தம் மெலிந்து, உச்சிப் பக்கம் ஒரு வண்டு அளவுக்கு ஆகி, முடிந்தது. நடுவில் எங்கும் அறுந்துபோகவில்லை.

ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். அவள் பிரிவில் மூன்றாவது இடம்.

தவளை தன் சொந்த சக்தியில் கீழே இறங்கி வந்தது. சின்னவள் இறங்கியதும் பிளக்கைக் கழற்றச் சொன்னாள். மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். இளம் பழுப்பு. சீராக, சுத்தமாக. புள்ளி எதுவும் இல்லை.

“அடுத்த பந்தயம் எப்ப?” என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“எதுக்குக் கேக்கறீங்க?”

“அந்த ஊர் சூடா, குளிரான்னு பாக்கணும். இன்னும் அரை அளவு கூட்டலாமோன்னு தோணுது.”

“ஐயையோ, இவரும் ஆரம்பிச்சுட்டாரு” என்றாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கிக்காரர் மறுபடி பேசினார். “பச்சைக் காருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். இந்த எஞ்சினை உருவாக்கிய சகோதரி இன்று நம்மிடையே இல்லை. ‘என் எஞ்சின் மலையேற வேண்டும்’ என்பதே அவர் உதிர்த்த கடைசி வார்த்தைகள்.”

கூட்டம் கைதட்டியது. சின்னவள் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள்.

“இது யார் வேல?”

“வந்து கேட்டான்மா” என்றார் மாமனார். “ஏதாவது சொல்லித் தொலைக்கணுமே.”

“அக்கா ‘வேண்டும்’னு பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“நான் ‘ஏறணும்’னுதான் சொன்னேன். அவனா இலக்கணம் பாத்துக்கிட்டான்.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும். பிறகு இருவரும் ஓய்ந்தார்கள். சின்னவள் பிளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நீங்கதானே கூட இருந்தீங்க அத்தான். நிஜமா என்ன சொன்னா?”

இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். நானாகவும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை அது.

சொன்னேன். பிற்பகல். வார்டில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நானும் சும்மா இருந்தேன். விரலால் என் முழங்கையைத் தட்டினாள். எஞ்சினைக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பாளே, அப்படித் தலையணையில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தாள். உதடு ஓரம் சிரிப்பு இருந்தது.

“பக்கத்துப் படுக்கை அம்மா குறட்டைய கேளுங்க. மூணு சிலிண்டர்லதான் ஓடுது.”